சிறு படகில் பாய் கட்டலும் படகு பேணலும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கங்களிலிருந்து பாய்மரப் படகு பழக வரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. காற்றைப் பிடித்துப் படகு ஓட்டும் நுணுக்கம் இதில் இல்லை. பாயைக் கட்டுவது, அவிழ்ப்பது, பழுது பார்ப்பது, கரையில் காப்பது ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். லேசர் என்ற படகின் இன்றைய பெயர் ஐஎல்சிஏ என்றாலும், எல்லோர் நாவிலும் பழகிய பழைய பெயரையே எழுதியிருக்கிறேன்.

"இது பணக்காரங்க விளையாட்டு தானே சார்? எங்க பசங்க வந்து என்ன பண்ணப் போறாங்க?"

புதுப் படகின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழக வருகிறவர் படகு வாங்கத் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியல் பிரிவில் போட்டியிட்ட நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. துறைமுக வளாகத்தில் அனுமதிச் சீட்டில்லாமல் நுழைய முடியாது என்பதால், முதல் நாளுக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படகை ஓட்டத் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். படகைப் பிரித்துப் பூட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கை உள்ள பிள்ளைக்கு எந்தக் கொட்டகையிலும் இடமுண்டு.

"எந்தப் படகுல ஆரம்பிக்கலாம்?"

பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆப்டிமிஸ்ட். ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. இரண்டு சிறுவர்கள் சேர்ந்து தூக்கிவிடலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு லேசர். ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ள அதே உடலில் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்களுள் ஒன்றைக் கட்டலாம். பாய் மாறும்போது பாய்மரத்தின் கீழ்த்துண்டு மட்டும் மாறும். மேல்துண்டும், பாயின் கீழ்விளிம்பு ஓரமாகக் கிடையாக நீளும் பூம் என்ற கம்பமும் மாறா. எடை குறைந்தவர்கள் பெரிய பாய்க்கு ஆசைப்படாமலிருப்பது நல்லது. இதற்குப் பின் வரும் விடைகளை லேசரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆப்டிமிஸ்டுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்வேன்.

"இத்தனை கயிறு தொங்குது, எது எதுக்குன்னே புரியலையே?"

ஓட்டும்போது இழுத்து விடுபவை உண்மையில் நான்கே கயிறுகள்தாம். பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் நீளமான கயிறு மெயின்ஷீட். காசிமேட்டுப் பெரியவர்கள் தாமான் என்பது இதைத்தான். பூம் மேலே எழும்பாமல் கீழ்நோக்கிப் பிடித்திருப்பது கிக்கர். பாயின் பின்மூலையைப் பூமின் நுனியை நோக்கி இழுப்பது அவுட்ஹால். பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்குவது கன்னிங்ஹாம். முதல் கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டியது. மற்ற மூன்றும் காற்றின் வலுவுக்கேற்பப் பாயின் வயிற்றைக் குறைக்கவும் கூட்டவும் உதவுகின்றன. காற்று கூடினால் இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும் என்ற அளவில் தொடக்கத்தில் தெரிந்திருந்தால் போதும்.

லேசரில் பாயை மேலே ஏற்றுவதற்கென்று தனிக் கயிறு கிடையாது. பாயின் முன்விளிம்பு நீண்ட உறையாகத் தைக்கப்பட்டிருக்கும். அதற்குள் மரத்தைச் செருகி, பாயோடு சேர்த்தே நட வேண்டும். ஆப்டிமிஸ்டில் பாயைச் சிறு கயிறுகளால் மரத்தோடும் பூமோடும் கட்டி, ஸ்பிரிட் என்ற குறுக்குக் கம்பத்தால் மேல்மூலையை உயர்த்துவார்கள். அந்தச் சிறு கட்டுகளில் பாய்க்கும் மரத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது போட்டி விதி. பழகும்போதும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

"எதை முதல்ல மாட்டணும், எதைக் கடைசியில மாட்டணும்?"

எல்லாவற்றுக்கும் முன்னால் படகின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வையுங்கள். பிறகு மேல்துண்டைக் கீழ்த்துண்டில் செருகி, இரண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளே போகும் வளையத்தின்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கமாக்கலாம். பாயின் உறைக்குள் மரத்தைச் செருகி, பாயை விறைப்பாக்கும் பட்டைகளை மெல்லிய முனை மரத்தின் பக்கம் போகுமாறு நுழைக்க வேண்டும்.

மரத்தை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். ஆறு மீட்டர் உயரமுள்ள அலுமினியக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தப் போகிறீர்கள். தெருவிலோ படகுத் துறை ஓரத்திலோ தலைக்கு மேல் மின்கம்பி போனால் அங்கே நிறுத்தவே கூடாது. அடுத்து, மரம் இறங்கும் குழியை ஈரத்துணியால் துடையுங்கள். அதில் கிடக்கும் நாலு மணல் துகள், பாய் திரும்பும்போதெல்லாம் மரத்தோடு சேர்ந்து சுழன்று குழியின் அடியை அராவிக்கொண்டே இருக்கும். துளை விழுந்தால் தண்ணீர் நேரே படகின் வயிற்றுக்குள் போகும். அந்தப் பழுது சிறியதல்ல.

மரம் குழியில் உட்கார்ந்தவுடனே, அதைப் படகோடு பிணைக்கும் பிடிகயிற்றைக் கட்டிவிட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. அதன்பின் பூம், அவுட்ஹால், கன்னிங்ஹாம், கிக்கர். மெயின்ஷீட்டை இறுதியாகக் கோப்பது நல்லது. அதை முன்னதாகக் கோத்து இறுக்கி வைத்தால், காற்று திரும்பும் நொடியில் பாய் நிரம்பித் தரையிலேயே படகு சாயும். சுக்கானை மாட்டும்போது கைப்பிடி, படகின் பின்பக்கம் குறுக்காகக் கட்டிய டிராவலர் கயிற்றுக்குக் கீழாகப் போகிறதா என்றும், சுக்கான் மேலே கழன்று வராமல் தடுக்கும் கிளிப் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தபின் படகை நீரில் இறக்கலாம்.

"எத்தனை முடிச்சு கத்துக்கணும்? எங்க தாத்தாவுக்கு நிறைய தெரியும்."

மூன்று போதும். கயிறு கப்பியிலிருந்து உருவிக்கொண்டு போகாமல் தடுக்க எட்டு வடிவ முடிச்சு. இறுகிப் போகாத வளையத்துக்குப் பவுலின். கம்பத்திலோ வளையத்திலோ கட்ட இரண்டு சுற்றும் இரண்டு அரைமுடிச்சும். நனைந்த கயிற்றில், கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும் என்பதுதான் அளவுகோல். தாத்தா இருந்தால் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் படித்துக் கற்பதைவிட அது மேல்.

"காசிமேட்டுல கிடைக்குற கயிறே போதாதா? யாட் கயிறுன்னா விலை எங்கேயோ போவுது."

சில இடங்களுக்குப் போதும். காசிமேட்டில் பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும். ஆகவே படகின் மூக்கில் கட்டி இழுக்கும் கயிறாக அது மிகப் பொருத்தம். ஆனால் வெயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். உள்ளங்கையில் உருவும்போது தூள்போல உதிர்ந்தாலோ, இழைகள் முள்முள்ளாக நின்றாலோ, அதன் ஆயுள் முடிந்தது. கையையும் அறுக்கும் என்பதால் மெயின்ஷீட்டுக்கு அது ஆகாது.

நைலான் இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது, பாயை இறுக்கும் கயிறுக்கு அதுவே கேடு. மெயின்ஷீட்டுக்கும் மற்ற மூன்றுக்கும் பின்னிய பாலியெஸ்டர் கயிறு வேண்டும். காசு குறைவாக இருந்தால், கிக்கருக்கும் மெயின்ஷீட்டுக்கும் நல்ல கயிறு வாங்கி, மற்றவற்றைப் பழையதிலேயே ஓட்டுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவணுமா? எங்க ஏரியாவுல குடிக்கவே லாரித் தண்ணி சார்."

கழுவத்தான் வேண்டும். கடலில் ஓடும் ஒரு மணி நேரத்தைவிட, உப்போடு கரையில் கிடக்கும் ஒரு வாரம் படகை அதிகம் கெடுக்கிறது. கடல்நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், கப்பியும் திருகும் பாயும் என்றைக்கும் முழுதாக உலர்வதில்லை.

இரண்டு வாளி போதும். முதல் வாளியைக் கப்பிகள், சுக்கான் பூட்டு, மரம் இறங்கும் குழி, மரத்தின் இரு துண்டுகளும் சேரும் இடம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மரத்துண்டுகளை ஒவ்வொரு முறையும் பிரித்துவிட வேண்டும். சேர்த்தபடியே வாரக்கணக்கில் விட்டால் உப்பில் ஒட்டிக்கொண்டு, நாலு பேர் இழுத்தாலும் வராது. இரண்டாம் வாளியில் கயிறுகளை ஊறவைத்து, அதே நீரைப் படகின்மேல் ஊற்றித் துடைத்துவிடலாம். உடல் பகுதிக்கு மழைநீரே போதும் என்பது என் எண்ணம்.

போர் தண்ணீரைப் பயன்படுத்துமுன் நாக்கில் வைத்துப் பாருங்கள். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அத்தகைய நீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான்.

"எஸ்எஸ் துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஒரே மாசத்துல பழுப்பாயிடுச்சு."

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. கடலுக்கு 316 வகை வேண்டும். அதில் கலந்துள்ள மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. பாரிமுனைக் கடைகளில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 304 வகையையோ அதற்கும் கீழானதையோ தருவார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இந்த வகைகள் எவற்றிலும் அது அநேகமாக ஒட்டாது. மேலே படியும் பழுப்பைத் துடைத்தால் போய்விடும். அஞ்ச வேண்டியது மறைவிடத்தில் நடக்கும் அரிப்புக்கு. சிறு வளையங்கள் கழலாமலிருக்க டேப் சுற்றுகிறோம். அந்த டேப்புக்கடியில் உப்புநீர் தேங்கி, காற்றுப் படாத இடத்தில் எஃகை உள்ளுக்குள்ளேயே தின்கிறது. மாதம் ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றுங்கள்.

அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர்த் திருகை முடுக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் கரையத் தொடங்கும்; திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். திருகைக் கழற்றித் துடைத்து, நீர் புகாத கிரீஸைத் தாராளமாகத் தடவி முடுக்கினால் நெடுநாள் தாங்கும். செம்பு, பித்தளைத் துண்டு எதையும் மரத்தில் சேர்க்கவே வேண்டாம்.

"பாயை மடிச்சு வைக்கலாமா? அயர்ன் பண்ணா சுருக்கம் போவுமா?"

சுருட்டி வையுங்கள். இஸ்திரிப் பெட்டி ஆகவே ஆகாது. காய வைக்கிறேன் என்று காற்றில் படபடக்க விடுவதும் வேண்டாம். துணியின் இறுக்கத்தை அது உடைத்துவிடும்.

"படகுக்குள்ள தண்ணி குலுங்குற சத்தம் கேக்குது. எங்க ஓட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில், பின்பக்கத்தில் நீர் வடிக்கும் துளையின் அடைப்பானைப் பாருங்கள். அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். அது சரியாக இருந்தால் மரம் இறங்கும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், மேலே சொன்ன மணல் தன் வேலையைக் காட்டிவிட்டது.

இரண்டும் இல்லையென்றால் சோப்பு நீர்தான் வழி. உடலும் மேல்தட்டும் சேரும் விளிம்பு, திருகுகள், படகின் நடுவே நீருக்குள் இறக்கும் நடுப்பலகையின் கூடு எனச் சந்தேகமான இடங்களில் நுரையைப் பூசி, அடைப்பான் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் குமிழ் வரும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டுவருவோர் உண்டு. அந்த அழுத்தத்தில் மேல்தட்டின் ஒட்டே விட்டுப்போகும். இதே காரணத்தால்தான், கரையில் இருக்கும்போது அடைப்பானைத் திறந்தே வைக்கச் சொல்கிறோம்: வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும்போது அதற்குப் போக வழி வேண்டும்.

"ஃபைபர்ல விரிசல். எங்க மாமா போட் வேலைதான் செய்யறாரு, அவரையே ஒட்டச் சொல்லலாமா?"

தாராளமாக. காசிமேட்டு ஃபைபர் வேலைக்காரர்களின் கைப்பழக்கம் எளிதில் யாருக்கும் வராது. அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: மீன்பிடிப் படகில் வலுவுக்காகக் கண்ணாடியிழை விரிப்பை (மேட்) அடுக்கிக்கொண்டே போவார்கள், இந்தப் படகில் ஒவ்வொரு கூடுதல் அடுக்கும் எடை. விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, நன்னீரால் கழுவி, முழுதாக உலர்ந்தபின் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் போட்டு, மட்டமாக அராவினால் போதும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் பழுது பார்க்கப்படும் நேரம். மாமாவுக்கு ஓய்வே இருக்காது, அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்களே செய்வதானால் இதைக் கவனமாகப் படியுங்கள். ரெசினோடு கோபால்ட், ஹார்ட்னர் என இரண்டு சிறு பாட்டில்களைத் தனித்தனியாகத் தருவார்கள். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். ஹார்ட்னர் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். மே மாத வெயிலில் குறைந்த அளவே போதும், இல்லாவிட்டால் தூரிகையை எடுக்குமுன் டப்பாவிலேயே இறுகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

"கவிழ்ந்தப்போ பாய்மரமே கழண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. அப்படியெல்லாம் ஆவுமா?"

ஆகும். லேசரின் மரத்தைக் குழியில் பிடித்து வைத்திருக்க ஆணியோ தாழோ கிடையாது. அதன் எடைதான் அதை உட்கார்த்தி வைத்திருக்கிறது. படகு தலைகீழானால் அது வழுக்கி வெளியே வரும். மரத்தில் பூம் சேரும் இடத்தருகே தொடங்கி மேல்தட்டின் கொக்கிவரை கட்டும் சிறு பிடிகயிறுதான் அதைத் தடுக்கிறது. மரம் சுழலும் அளவுக்குத் தளர்வாகவும், குழியிலிருந்து வெளியேறாத அளவுக்குக் குட்டையாகவும் அது இருக்க வேண்டும். நடுப்பலகைக்கும் இதேபோல் ஒரு ரப்பர்க் கயிறு உண்டு. அது அறுந்து பலகை நழுவிப்போனால், கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கால் வைக்க இடமிருக்காது.

"எண்ணூர் முகத்துவாரத்துல வச்சு ஓட்டலாமா? நடுப்பலகை அடிக்கடி சிக்குது."

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பல் மாவைப்போல் மென்மையாகத் தெரிந்தாலும், பலகைக் கூட்டுக்குள் புகுந்தால் பலகையின் இருபுறமும் கோடு கோடாகக் கீறிவிடும். படகைக் கவிழ்த்துவைத்து, கூட்டின் அடியிலிருந்து குழாய்நீரைப் பீய்ச்சினால் அது வெளியேறும்.  2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவியதை எல்லோரும் அறிவோம். உடலில் எண்ணெய் ஒட்டினால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரும் பொறுமையும் போதும்; தின்னரைத் தொடாதீர்கள், மேற்பூச்சு மங்கிப்போகும்.

ஓட்டலாமா என்பதற்கு என் விடை, தொடக்கத்தில் வேண்டாம் என்பதே. துணைப்படகு இல்லாத இடத்தில் பழகுகிறவர் ஓட்டக்கூடாது. திருவொற்றியூர்க் கரையிலோ கற்சுவரும் கல்வரிசைகளுமாக இருக்கின்றன; அங்கே படகு ஒதுங்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

"எந்த மாசம் பழக நல்லது?"

ஜனவரி முதல் மார்ச் வரை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும், அதுவும் நல்லதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் வீசும் மேல்காற்று ஏமாற்றும்: கரையோரம் நீர் தட்டையாக இருக்கும், காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும், திரும்பி வருவது போவதைப்போல் இருக்காது.

"புயல் சொல்லிட்டாங்கன்னா படகை என்ன பண்றது?"

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வரும்வரை காத்திராதீர்கள். மரத்தை இறக்கிப் பிரித்து, பாயையும் சுக்கானையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். உடலைக் கவிழ்த்து, குறுக்காக இரண்டு பட்டைகளால் தரையில் உள்ள கொக்கிகளில் கட்டுங்கள். 2016 டிசம்பரின் வர்தா காற்றால் அழித்தது. 2023இன் மிக்ஜாம் வெள்ளத்தால் அழித்தது. ஆகவே பறக்காமலும் மிதக்காமலும் இருக்கக் கட்ட வேண்டும். இந்த வேளையில் மட்டும், நீர் தேங்கும் முற்றமாக இருந்தால், அடைப்பானை மூடிவிடுங்கள்.

"பழைய லேசர் ஒண்ணு விலைக்கு வருது. பெயிண்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு. வாங்கலாமாண்ணே?"

பளபளப்பைப் பார்த்தால் எனக்கு ஐயம்தான் வரும். புதுப் பூச்சுக்கடியில் எதுவும் இருக்கலாம். விற்பவரின் எதிரிலேயே குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள், மறுத்தால் கிளம்பிவிடலாம். பிறகு மேல்தட்டில், உட்காரும் இடத்திலும் குழியைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. முடிந்தால் எடை போடுங்கள்: உடல் மட்டும் 60 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும், அதைவிடப் பல கிலோ கூடினால் உள்ளே தண்ணீரோ கூடுதல் ஃபைபரோ இருக்கிறது.

மரத்தின் மேல்துண்டைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். அதில் உள்ள ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியோ மயிரிழைக் கீறலோ இருந்தால், அந்தத் துண்டு அடுத்த வலுவான காற்றில் அங்கேதான் ஒடியும். பாய் கிழிந்திருப்பதும் கயிறுகள் நைந்திருப்பதும் குறைகளே அல்ல, மாற்றக்கூடியவை. உடலும் குழியும் நன்றாக இருந்து மேல்துண்டு மட்டும் போயிருந்தால், புதிய துண்டின் விலையை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.